அஞ்சலைக்குப் பொருந்திய மூச்சு

போன மாதம் காவ்யா போன் செய்தாள். பிரேசர் டவுனில் நான் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த சின்ன மருத்துவமனையில், யோகா சிகிச்சைப் பிரிவில், நான் ஓய்வு பெற்றதும் என் இடத்துக்கு வந்தவள்.

"நிர்மலா மேடம், மெனோபாஸ் லேடீஸுக்காக ஒரு சார்ட் அடிக்கப்போறோம். பத்து ஆசனம், அஞ்சு பிராணாயாமம். எது எதுன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா இன்னைக்கே பிரிண்டுக்குக் குடுத்துடுவேன்."

"அதுக்கு முன்னாடி அஞ்சலையைப் பத்திச் சொல்லட்டுமா?" என்றேன்.

"யாரு மேடம் அஞ்சலை?"

போனில் சொன்னது பாதிதான். அவளுக்கு அடுத்த பேஷண்ட் வந்துவிட்டார். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். ஒக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். ஸ்கூலில் கபடி, காலேஜில் ஓட்டப்பந்தயம். உடற்கல்வி டிப்ளமா முடித்து, யோகா பயிற்சி ஒன்றரை வருஷம் முடித்து, முப்பது வயதில் இந்த வேலையில் சேர்ந்தேன். எனக்கு வேகம் பிடிக்கும். என் வகுப்பு என்றால் பன்னிரண்டு சுற்று சூரிய நமஸ்காரம், மூச்சை வேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி மூன்று சுற்று, முடிந்ததும் எல்லார் ஜாக்கெட்டும் முதுகில் ஒட்டியிருக்க வேண்டும். வியர்வைதான் எனக்கு மார்க் ஷீட்.

அந்த மார்க் ஷீட்டைக் கிழித்தவர் டாக்டர் வசுந்தரா. மகப்பேறு மருத்துவர், எங்கள் பிரிவுக்கும் தலைவி. மைசூர்ப் பக்கம். தமிழ் நன்றாகப் பேசுவார், நடுவில் கன்னடம் எட்டிப் பார்க்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஒருநாள் என் வகுப்பில் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து முழுதும் பார்த்தார். எல்லாரும் போன பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்கே இருந்த பதினாலு பேர்லே யாருக்கு பீரியட்ஸ் நின்னிருக்கு நிர்மலா?"

தெரியவில்லை.

"யாருக்கு பிபி?"

தெரியவில்லை.

"மூணாவது வரிசையிலே பச்சைப் புடவை. நாலு வாட்டி சுவரைப் பிடிச்சாங்க. நோடிதியா? பார்த்தியா?"

பார்க்கவில்லை. நான் எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து என்னைத் தன் அறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். மூன்று மாதம் நான் யோகா மேட்டையே விரிக்கவில்லை. அவர் நோயாளியிடம் பேசுவதைக் கேட்பதுதான் வேலை. கேள்விகள் அதிகமில்லை. கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது? நின்று ஒரு வருஷம் கழிந்த பிறகு எப்போதாவது ரத்தம் பட்டதா? பட்டது என்றால் ஒரு சொட்டாக இருந்தாலும் யோகா இல்லை, நேராக ஸ்கேன். அந்த விஷயத்தில் அவரிடம் பேரம் கிடையாது. உடம்பில் சூடு ஏறுவது எந்த நேரத்தில், அப்போது எங்கே இருக்கிறீர்கள்? கடைசியாக, காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை உங்கள் உடம்பு என்ன செய்கிறது?

பெண்கள் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். டாக்டர், "ஆமேலே?" என்பார். அப்புறம்? இன்னும் கொஞ்சம் வரும். "ஆமேலே?" மூன்றாவது ஆமேலேயில்தான் நிஜமான விஷயம் வெளியே வரும். மாமியாரை இரண்டு கையாலும் தூக்கிக் குளிப்பாட்டுவது, ஆபீசில் பேசிக்கொண்டிருக்கும்போதே பெயர்கள் மறந்துபோவது, புருஷன் பக்கத்தில் படுக்கவே எரிச்சலாக இருப்பது, எல்லாம்.

"நாள் பூரா குனிஞ்சு வாசல் பெருக்கறவளுக்கும், நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாலே உட்கார்ந்திருக்கறவளுக்கும் நீ எப்படிம்மா ஒரே யோகா குடுப்பே?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. உட்கார்ந்தே இருக்கும் பெண்ணுக்கு, எடை ஏறி மனசு சோர்ந்து கிடப்பவளுக்கு, நின்று செய்கிற ஆசனங்கள், கொஞ்சம் வேகம். எலும்புக்கும் அதுதான் நல்லது. வேலையில் உடம்பு நொந்து, சூடும் ஏறுகிறவளுக்குத் திண்டும் போர்வையும் முட்டுக்கொடுத்து மெதுவாக நீளமாக இருக்கிற முறை. தூக்கம் வராதவளுக்குச் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுப்பது. நாக்கைக் குழல் மாதிரி மடித்துக் காற்றை உறிஞ்சும் சீதளி சூட்டுக்கு இதமாக இருக்கும். வீசிங் இருப்பவளுக்கு, அதுவும் பெங்களூர் டிசம்பரில், கூடவே கூடாது. இப்படி ஒவ்வொன்றாகக் கற்றேன். எல்லாவற்றையும் அவர் சொல்லித் தரவில்லை. பாதி, பேஷண்டுகள் எனக்குச் சொல்லித் தந்தது.

நாற்பத்தேழு வயதில் என் உடம்பு சொல்லித் தந்தது. பஸ்திரிகா செய்து காட்டிக்கொண்டிருந்தேன். துருத்தி மாதிரி வேகமாக ஊதும் மூச்சு, எனக்கு ரொம்பப் பிடித்தது. பத்தாவது மூச்சில் நெஞ்சிலிருந்து ஒரு சூடு ஜிவ்வென்று கிளம்பி உச்சந்தலை வரை போனது. நிறுத்த ரோஷம் விடவில்லை. இருபதில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முன் வரிசை அம்மா ஒருவர் முந்தானையால் விசிறியபடி, "மிஸ், உங்களுக்கும் வந்துடுச்சா?" என்றார். மொத்த வகுப்பும் சிரித்தது. நானும்தான். ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த விஷயம், இருபது பேருக்கு ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. அப்பாடா என்று இருந்தது.

சாயங்காலம் டாக்டரிடம் சொன்னேன். "ஒள்ளேதாயித்து. நல்லதாப் போச்சு. இனிமே நல்லா சொல்லிக் குடுப்பே" என்றார், கேஸ் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அந்த வருஷமே வாரம் இரண்டு நாள் இந்த வயதுப் பெண்களுக்கென்று தனி வகுப்பு ஆரம்பித்தோம். நன்றாக நடந்தது. எனக்கு இது கைவந்துவிட்டது என்றே நினைத்தேன். அஞ்சலை வரும்வரை.

ஒரு ஆகஸ்ட் காலை, புடவை மேல் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து என் மேஜை முன் நின்றாள். ஐம்பது வயது. நல்ல உயரம்.

"மிஸ், எனக்கு யோகா வேணாம். எனக்கு ஆட்டோ ஓட்டணும். அதுக்கு எதனா வழி இருந்தா சொல்லு."

ஜீவனஹள்ளிக்காரி. பதினோரு வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறாள். காலையில் நான்கு பெண் பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கொண்டுவிடுவது நிரந்தர சவாரி. ஜூலையில் ஒரு மழைநாள், ரயில்வே அண்டர்பாஸில் டிராபிக் நின்றுவிட்டது. முன்னால் பஸ், பின்னால் லாரி. திடீரென்று உடம்பெல்லாம் கொதித்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. மூச்சு மேலேயே நின்றது, கை மரத்துப்போனது. செத்துவிடப்போகிறோம் என்றே நினைத்தாள். இன்ஜினை அணைத்துவிட்டு ஹேண்டில் மேல் கவிழ்ந்துகொண்டாள். பின்னால் ஒரே ஹாரன். பிள்ளைகளில் பெரியவள், எட்டாவது படிக்கிற பெண், மழையில் இறங்கி ஓடி டிராபிக் போலீஸைக் கூட்டி வந்திருக்கிறாள்.

"அன்னிக்கி சாயங்காலமே மூணு வூட்ல இருந்து போன். 'அக்கா, நாளைலேர்ந்து வேணாம்க்கா'ன்னு. நாலாவது வூட்ல போன்கூட பண்ணல. நான் காலைல போய் நின்னா, கேட்டுக்கு அந்தாண்டையே நின்னு தலைய ஆட்டறாங்க. பதினோரு வருஷத்துல ஒரு கீறல் இல்ல மிஸ் என் வண்டில."

இதயம் நன்றாக இருக்கிறது என்று வேறொரு ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். யாரோ ஒரு பார்க்கில் நடந்த இலவச யோகா முகாமுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே முன்னூறு கபாலபாதி. இரண்டாம் நாளே அதே படபடப்பு, அதே மரத்துப்போன கை. அதோடு ஆட்டோவைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டாள்.

டாக்டரிடம் அழைத்துப்போனேன். நான்கு ஆமேலே ஆயின. ஒரு வருஷமாகத் தாறுமாறாக ரத்தப்போக்கு, யாரிடமும் சொன்னதில்லை. பிபி மாத்திரை ஒருநாள் உண்டு, ஒருநாள் இல்லை. ராத்திரி வியர்வையில் தலையணை நனைகிறது. டாக்டர் ரத்தம், தைராய்டு, ஸ்கேன் எல்லாம் பார்க்கச் சொன்னார். ரத்தம் ரொம்பக் குறைவு. ஸ்கேனில் பயப்பட ஒன்றுமில்லை.

"மாத்திரை மொதல்லே. யோகா ரெண்டாவது. மூணு வாரம் கழிச்சு நிர்மலா கையிலே குடுக்கறேன்" என்றார். போகும்போது அவள் தோளில் கை வைத்து, "உன் வண்டியை விக்க பேடா, விக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். விற்கிற யோசனை இருக்கிறது என்று அஞ்சலை எங்களிடம் சொல்லவே இல்லை.

மூன்று வாரம் கழித்து வந்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. வேகமான யோகா இவளுக்கு ஆகாது, ஆகவே அமைதியான முறை. என்னிடம் இருந்ததிலேயே நல்லதை எடுத்துவைத்தேன். முதுகுக்கு நீளத் திண்டு, இரண்டு பாதங்களும் சேர, முட்டிக்குக் கீழே மடித்த போர்வை, கண் மேல் சின்னத் துணிப்பை. ஜன்னல் திரையை இழுத்தேன். இந்த நிலையில் படுக்கவைத்தால் பத்து நிமிஷத்தில் குறட்டை விடுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

அஞ்சலை இரண்டாவது நிமிஷம் துள்ளி எழுந்தாள். துணிப்பை சுவரில் போய் விழுந்தது.

"வேணாம் மிஸ்! பாலத்துக்குக் கீழ போன மாரியே கீது!"

அடுத்த வாரம் படுக்க வேண்டாம், உட்கார் என்றேன். காதை மூடி, கண்ணை மூடி, வண்டு மாதிரி ரீங்கரிக்கும் பிராமரி. காதை அடைத்ததும் அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது அவளுக்கே பெரிதாகக் கேட்டிருக்கிறது. முகம் வெளுத்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். அதற்கடுத்த வாரம் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, என் மேல்தான். வேகமும் தப்பு, அமைதியும் தப்பு என்றால் என் கையில் வேறு என்ன இருக்கிறது? டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"அவளுக்கு மூச்சுத் திணறினது எங்கே?"

"ஆட்டோல மேடம்."

"நீ சொல்லிக் குடுத்தது எங்கே?"

"நம்ம ஹால்ல."

அவ்வளவுதான். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டார்.

அந்தச் சனிக்கிழமை ஜீவனஹள்ளிக்குப் போனேன். சந்து முனையில் தார்ப்பாய் விலக்கிய ஆட்டோ. அஞ்சலை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஓட்டவில்லை என்றாலும் தினமும் துடைத்து வைத்துவிட்டு அரை மணி நேரம் அதில் உட்கார்வாளாம். என்னைப் பார்த்ததும் சங்கடப்பட்டாள். "வா மிஸ், உக்காரு" என்று பின்சீட்டைத் தட்டிக் காட்டினாள்.

பின்னால் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில்தான் கவனித்தேன். என் ஹாலில் காதுவரை ஏறி நின்ற தோள் இங்கே இறங்கி இருந்தது. முதுகு நேராக, பாதம் இரண்டும் தரையில் பதிந்து, கை ஹேண்டில் மேல் சும்மா கிடந்தது. மூச்சு வயிற்றுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. வருஷக்கணக்காக நான் மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிற உட்காரும் நிலை இது. அவளுக்குத் தெரிந்தே இருந்தது, இந்த ஒரு சீட்டில்.

"அஞ்சலை, கண்ணை மூடாதே," என்றேன். "தெரு முனையில அந்தப் போஸ்ட் தெரியுதா? அதையே பாரு. மூக்கால மூணு எண்ணி இழு. உள்ளே நிறுத்தி வைக்காதே. வாயை மூடிக்கிட்டு 'ம்ம்ம்'னு ஆறு எண்ணி விடு."

"கண்ணத் தொறந்துகினு யோகாவா?"

"ஆமா. கண்ணை மூடிக்கிட்டா வண்டி ஓட்டப்போறே?"

சிரித்தாள். செய்தாள். ஐந்தாறு மூச்சு கழித்துத் திரும்பிப் பார்த்தாள்.

"மிஸ், வண்டி நியூட்ரல்ல நிக்கறப்ப வர சத்தம் மாரியே கீது."

அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் எங்கள் வகுப்பு ஆட்டோவில். முதலில் நின்ற வண்டி. அடுத்து இன்ஜினைப் போட்டு, நின்ற வண்டி. கை ஏன் மரத்துப்போகிறது என்று விளக்கினேன்: பயத்தில் வேகவேகமாக மூச்சு விட்டால் யாருக்கும் அப்படி ஆகும், அது சாவு இல்லை. அவளுக்கு அது பெரிய செய்தியாக இருந்தது. இறங்கி, பின்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இல்லாத நாற்காலியில் உட்கார்வது மாதிரி இடுப்பை இறக்கி நிற்பாள். தொடைக்கும் முட்டிக்கும் பலம் வர. எதிர்வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். மூன்றாவது வாரம் அவர்களில் இரண்டு பேர் மறுபக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு தெரு. பிறகு மெயின் ரோடு. சிக்னலில் சிவப்பு எண்கள் அறுபதிலிருந்து இறங்கும் இல்லையா, அதில் ஆறு மூச்சு. மற்ற வண்டிகள் முறுக்கிக்கொண்டு நிற்கும், நாங்கள் இரண்டு பேரும் ரீங்காரம் செய்துகொண்டிருப்போம். ஒருநாள் சிக்னலிலேயே அவளுக்குச் சூடு ஏறியது. பின்கழுத்து சிவந்து வியர்வை வழிவதைப் பார்த்தேன். காலர் பட்டனை அவிழ்த்தாள், ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், எண்களைப் பார்த்தபடி 'ம்ம்ம்' என்றாள். பச்சை விழுந்தது. வண்டியை எடுத்தாள். நூறடி போனதும், "வந்துச்சு மிஸ். வந்துட்டு பூட்ச்சு" என்றாள்.

அண்டர்பாஸ் மட்டும் பாக்கி. அதைச் சுற்றியே போய்க்கொண்டிருந்தாள். நவம்பரில் ஒருநாள் அவளே கேட்டாள். "நாளைக்கிப் போலாம். மேடத்தையும் இட்டுனு வா."

டாக்டரிடம் சொல்லத் தயங்கினேன். ஓ.பி. நேரம், அவருக்கு நிமிஷம் முக்கியம். அவரோ மறுநாள் காலை ஹேண்ட்பேக்கை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினார்.

காலை ஒன்பது மணி, நெரிசல் நேரம். அஞ்சலை அந்த நேரத்தைத்தான் கேட்டிருந்தாள். அண்டர்பாஸ் சரிவில் இறங்கினோம். நடுவில், சரியாக நடுவில், டிராபிக் நின்றது. முன்னால் டெம்போ, இரண்டு பக்கமும் பைக். மேலே ரயில் வந்தது. சுவரெல்லாம் தடதடவென்று அதிர்ந்தது. அவள் பின்கழுத்து நனைவதைப் பார்த்தேன். ஹேண்டிலில் விரல் இறுகியது. சொல்லலாமா, எண்ணிக்கை கொடுக்கலாமா என்று வாய்வரை வந்தது. டாக்டர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். பேசாதே.

ரயில் போய் முடிந்த பிறகுதான் கேட்டது. அவள் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தாள். 'ம்ம்ம்ம்.' நீளமாக, சீராக. பக்கத்தில் இன்னொரு 'ம்ம்ம்' கேட்டது. டாக்டர் வசுந்தரா, ஹேண்ட்பேக்கை மடியில் அணைத்துக்கொண்டு, டெம்போவின் பின்பக்கத்தை வெறித்துப் பார்த்தபடி ரீங்கரித்துக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்துகொண்டேன். பக்கத்து பைக்கில் இருந்தவர் ஹெல்மெட்டைத் தூக்கி எங்கள் மூன்று பேரையும் பார்த்தார்.

டெம்போ நகர்ந்தது. அஞ்சலை கியர் மாற்றினாள். மேடேறி வெயிலுக்கு வந்தோம். ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். திரும்பினாள். முகம் முழுக்க வியர்வை, முகம் முழுக்கச் சிரிப்பு.

"மேடம், இன்னொரு ரவுண்டு போலாமா?"

"ஹோகோணா!" என்றார் டாக்டர். "நட, போகலாம்!"

மூன்று முறை போனோம். மூன்றாவது முறை டிராபிக்கே இல்லை. அஞ்சலைக்கு அது ஏமாற்றமாகக்கூட இருந்தது. அன்று ஓ.பி. நாற்பது நிமிஷம் தாமதமாக ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்து அந்த ஒருநாள்தான் அப்படி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அஞ்சலை, மழையில் இறங்கி ஓடிய அந்தப் பெரிய பெண்ணின் வீட்டுக்குப் போனாள். மாத்திரைச் சீட்டு, ரத்தப் பரிசோதனைத் தாள், எல்லாவற்றையும் அவள் அம்மா முன் வைத்து, தனக்கு என்ன ஆனது, இப்போது என்ன செய்கிறாள் என்று சொல்லியிருக்கிறாள். 'மெனோபாஸ்' என்ற வார்த்தையையே சொன்னாளாம். அந்த அம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. கேட்டை ஒட்டி நின்றவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு மணி நேரம் தன் தூக்கமின்மையைப் பற்றிப் பேசியிருக்கிறார். மற்ற மூன்று வீடுகளுக்கும் அவரே போன் செய்து சொன்னாராம்.

திங்கட்கிழமை எட்டே முக்காலுக்கு எனக்குப் போன் வந்தது.

"மிஸ், அஞ்சு பொண்ணுங்களையும் ஸ்கூல்ல வுட்டுட்டேன்."

"அஞ்சா? நாலு பேர்தானே?"

"ஒண்ணு கூடிப்போச்சு."

அடுத்து வந்த மார்ச்சில் பெரிய பெண்ணின் அம்மாவும் எங்கள் வகுப்பில் சேர்ந்தார். ஜீவனஹள்ளியிலிருந்து ஆறு பேர் வந்தார்கள். எல்லாரையும் அழைத்து வந்தவள் அஞ்சலை, இரண்டு நடையாக. ஹாலில் முதன்முறையாக மேட் விரிக்காமல் வட்டமாக நாற்காலி போட்டோம். வேண்டியவர்கள் படுக்கலாம், வேண்டியவர்கள் நிற்கலாம், கண்ணைத் திறந்தும் வைத்துக்கொள்ளலாம். நான் ஓய்வு பெற்ற நாளில் அந்த வகுப்பில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள்.

அஞ்சலைக்கு இப்போது பீரியட்ஸ் நின்று இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. பிபி மாத்திரையை ஒருநாளும் விடுவதில்லை. போன வாரம் காக்ஸ் டவுன் மார்க்கெட் வாசலில் எதிரே வந்து நிறுத்தி, ஏறு என்றாள். ஏறிக்கொண்டேன்.

"இன்னும் சூடு ஏறுதா?" என்று கேட்டேன்.

"ஏறுது மிஸ். அப்பப்ப வருது." கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வந்தா இன்னா? பின்னாடி சீட்ல உக்கார வெச்சி இட்டுனு பூடறேன்."